புக்கிட் மெர்தாஜாம் வீட்டுக்கு ஒரு குவான் யின்

சென்ற புதன்கிழமை, குவான் யின் சிலை வாங்க ஜார்ஜ் டவுனுக்குப் போனேன். பௌத்தச் சீனர்கள் வணங்கும் கருணைத் தெய்வம் அது. சிலை எனக்கல்ல, என் மருமகள் சியூ லானுக்கு. கல்யாணமாகி இரண்டு வருடமாகப் புக்கிட் மெர்தாஜாமில் என் வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு கரண்டியைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை. விருந்தாளி போலவே இருந்தாள். அவள் துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் குவான் யின் படம் ஒட்டியிருப்பதைத் தற்செயலாகப் பார்த்தேன். என் வீட்டில் ஒருத்தி ஒளித்து வைத்துக் கும்பிடுவதா? பொறுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் பின்னறைச் சுவரில் சிலை வைக்க ஒரு மரத்தட்டு அடிக்க வைத்தேன்.

காலை 8.10க்கு வாடகைக் காரில் கிளம்பி 8.40க்குப் பட்டர்வொர்த் படகுத்துறை, கார் வாடகை இருபது வெள்ளி. பெர்ரிக்கு இரண்டு வெள்ளி, பதினைந்து நிமிடம். இருக்கைகள் சுத்தம் (குறை சொல்ல ஆசைதான், முடியவில்லை). இறங்கிச் சூலியா தெரு வழியே கால் மணி நேரம் நடந்தால் பழைய தோக்கோங், அதாவது சீனக் கோயில். அதைச் சுற்றித்தான் ஊதுபத்தி, சிலைக் கடைகள். பத்துக்கு முன் போகாதீர்கள், பாதி மூடியிருக்கும்.

மூன்றாவது கடையில் நின்றுவிட்டேன். பத்து அங்குல வெண்பீங்கான் சிலை, 280 வெள்ளி. சுண்டுவிரல் நகம்கூடத் தெரிகிறது. உடையின் மடிப்பு ஓரிடத்திலும் பிசகவில்லை. கான்வென்ட்டில் தையல் கற்றவள் நான், தேடித்தான் பார்த்தேன். பாதி மூடிய கண்கள், நாம் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதவள் போன்ற முகம்.

கடைக்காரம்மா சூலியா தெருவில் வளர்ந்த சீனப் பெண்மணி. தமிழ் தடையில்லாமல் வந்தது.

“தட்டு என்னா அளவு, ஆண்டி?”

“சரியா ஒரு அடி. ரெண்டு தடவ அளந்தேன்.”

அவர் இழுத்த அளவு நாடாவில் சிவப்பும் கறுப்புமாகச் சீன எழுத்துகள். சிவப்பில் விழுந்தால் நல்லது. ஒரு அடி, கறுப்பில் விழுந்தது.

“ஆகாது லா. எங்க அடிச்சிருக்கீங்க?”

“பின்னால, ஸ்டோர் ரூம் பக்கத்துல.”

“ஐயோ ஆண்டி! குவான் யின்ன வெங்காயத்துக்குக் காவலா வைப்பீங்க? கும்பிடப் போறது யாரு?”

“என் மருமக. சீனப் பொண்ணு.”

“அவளுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். சிலையை எடுத்து மேலே வைத்துவிட்டார். “கும்பிடறவதான் வந்து கூட்டிட்டுப் போகணும். போன் போடுங்க. இல்லன்னா விக்க மாட்டேன்.”

என்னிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஆனாலும் போன் போட்டேன். படத்தைப் பார்த்ததையும் சொல்ல வேண்டியதாயிற்று. தனிவீடு பார்த்துப் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

“அத்தே, அங்கயே இருங்க,” என்றாள். “எதுவும் வாங்கிடாதீங்க.”

பிறையில் தான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அரைநாள் லீவு போட்டு 12.50க்கு வந்தாள். எல்லாச் சிலைகளையும் பார்த்துவிட்டு, தாமரை மேல் உட்கார்ந்திருந்த எட்டு அங்குலச் சிலையை எடுத்தாள், 190 வெள்ளி. முகம் என் ரசனைக்குச் சற்று உருண்டை. அதை நான் சொல்லவில்லை.

“எங்க வைக்கணும்னு நீயே சொல்லு,” என்றேன்.

“ஹால்ல, வாசலப் பாத்து வைக்கணும், அத்தே.” கொஞ்சம் தயங்கினாள். “மாமாவோட கண்ணாடி அலமாரி இருக்குற எடத்துல.”

என் கணவர் பரிசாக வாங்கிய கேடயங்கள் இருக்கும் அலமாரி அது. அவர் இறந்த பிறகு நான் தவிர யாரும் அதைத் துடைத்ததுகூட இல்லை. கடைக்காரம்மா ரசீதுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினார்.

“அந்த எடத்த அளந்துட்டியா?”

“நேத்தா அளந்தேன்? வந்த மொத வாரமே கண்ணால அளந்துட்டேன்.”

கடைக்காரம்மா சிரித்துவிட்டார். நானும்தான்.

போக நினைப்பவர்களுக்கு: வார நாளில் போங்கள். சிலைக்குப் பேரம் பேசாதீர்கள், மரியாதை இல்லை. தட்டு அடிக்குமுன் கடையில் அளவு கேளுங்கள். பெர்ரியில் சிலையை மடியில் வையுங்கள். கும்பிடப் போகிறவரை முதலிலேயே அழைத்துப் போங்கள். எனக்கு மூன்று மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

அலமாரியை நகர்த்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆள் வருகிறார். அதை எங்கே கொண்டு போய் வைப்பது என்று சியூ லானிடமே கேட்டுக்கொள்ளும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.