மூன்று வருடத்தில் வரச் சொன்னார்

வாப்பா குடலில் புற்று வந்து மௌத்தான பிறகு, அவரைப் பார்த்த கொழும்பு டொக்டர், நாற்பது தாண்டிய பிள்ளைகளும் குடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியனுப்பினார். எழுபதுகளின் கடைசி அது. கல்முனையிலிருந்து மூத்தவர் காக்காவும் இளையவன் நானும் போனோம். காக்கா வயல் நிலமுள்ள போடியார், பள்ளிவாசலில் எங்கள் குடிக்குப் பொறுப்பான மரைக்கார். பிறை கண்டேன் என்று வருகிறவனை நிறுத்தி விசாரித்து, நோன்பா பெருநாளா என்று முடிவு சொல்கிறவர்களில் ஒருவர். நான் மருதமுனைத் தறியில் நெய்த, இடுப்பில் கட்டும் சாரம் விற்பவன். ஊரில் எனக்கிருந்த ஒரே பதவி, ஆட்களைச் சிரிக்க வைப்பது.

சோதனைக்கு முதல் நாள் சாப்பாடு இல்லை; ஆமணக்கெண்ணெய் மட்டும். பெருநாளுக்குப் பிறகு வரும் ஆறு நோன்பை ஒரு வருடமும் முழுதாகப் பிடிக்காத நான் டொக்டருக்காகப் பட்டினி கிடந்தேன். தங்கிய இடத்தில் ஒரே கக்கூசு. காக்கா உள்ளே இருக்க, நான் வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, செய்த பாவங்களுக்கெல்லாம் தௌபா கேட்டேன்.

அடுத்த நாள் வளைகிற கறுப்புக் குழாய். நுனியில் வெளிச்சம். மறுமுனையில் டொக்டர் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வைத்துப் பார்த்தார். எனக்கு ஒன்றுமில்லை, ஐந்து வருடம் கழித்து வந்தால் போதும் என்றார். காக்காவின் குடலில் இரண்டு சதை முளைகள். குழாய் வழியாகவே வெட்டி எடுத்துவிட்டார்.

"இது புற்று இல்லை," என்றார், சொந்த ஊர் யாழ்ப்பாணமான அந்த டொக்டர். "விட்டிருந்தா ஆகியிருக்கலாம். வேற இடத்திலயும் முளைக்கும். அது கெட்டுப்போகச் சில வருசம் எடுக்கும். அதுக்குள்ள பாத்து வெட்டினாப் பயமில்லை. மூண்டு வருசத்தில கட்டாயம் வாங்கோ."

"இன்ஷா அல்லாஹ், வாறன் டொக்டர்," என்றார் காக்கா.

ஊர் திரும்பியதும் காக்காவின் மனைவி, மதினி, நேர்ந்திருந்த கந்தூரி விருந்தைக் கொடுத்தார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிட ஒரு சஹன் தட்டு. என் சஹனில் இருந்தவர்கள் கொழும்புக் கதை கேட்டார்கள். கேட்டால் நான் சும்மா இருப்பேனா? விரலைச் சுருட்டிக் கண்ணில் வைத்தேன்.

"டொக்டர் ஒத்தக் கண்ண மூடிற்று, நம்மட மரைக்காருக்குள்ள பிறை பாத்தாரு. 'தெரியிது, தெரியிது' எண்டாரு. விடிஞ்சாப் பெருநாள்தான் எண்டு நினைச்சன்!"

ஒருவனுக்குப் புரையேறியது. கதை பக்கத்துச் சஹனுக்கும் போயிற்று. கறிச்சட்டியோடு நின்ற காக்காவும் சிரித்தார். அவர் சிரித்ததையே பல வருடம் எனக்குச் சாட்சியாக வைத்திருந்தேன்.

அடுத்த நோன்புப் பிறைக்கு ஊர் கடற்கரையில் கூடிற்று. பிறை கண்டதாக ஒருவன் வந்தான். காக்கா விசாரித்தார். "எந்தப் பக்கம் கண்ட? எவ்வளவு உசரம்?"

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "மரைக்காரே, நீங்க கொஞ்சம் குனிஞ்சு காட்டுங்க, நாங்க சரியாப் பாத்துச் சொல்றம்!"

மணல் முழுக்கச் சிரிப்பு. கூடச் சிரித்தவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. காக்கா அதன் பிறகு பிறைக்கு வரவில்லை. மரைக்கார் பொறுப்பையும் விட்டார்.

மூன்று வருடம் ஆனது. கொழும்புக்குப் போவோம் என்றேன்.

"சுகமாயிற்று எண்டு ஊருக்கே கந்தூரி குடுத்தாச்சு. இன்னொருக்காப் போய்க் குனியவா?"

"திரும்ப முளைச்சிருந்தா?"

"போனா நீ திரும்பக் கதை சொல்லுவாய்."

"அல்லாஹ்வுக்காகச் சொல்ல மாட்டன் காக்கா."

"உன்னால ஏலாது தம்பி," என்றார். கோபமே இல்லை. அடித்திருந்தால் தேவலை.

ஐந்தாம் வருடம் என் தவணை வந்தது. அதற்குள் காக்காவுக்கு இரத்தம் போகத் தொடங்கியிருந்தது. சாரத்தில் கறை கண்டு மதினி அழுத பிறகுதான் புறப்பட்டார். வழிநெடுக ஆமிக்காரர் பஸ்ஸால் இறக்கி இறக்கிச் சோதித்தார்கள். இருவரும் போய்ச் சேர்ந்தோம். என் குடல் சுத்தம். ஊரையெல்லாம் அழுக்காக்கியவனுக்குச் சுத்தமான குடல். காக்காவுக்கு இம்முறை வெட்ட முளை இல்லை. குழாய் போக வழியில்லாமல் அடைத்துக்கொண்டு நின்றது.

"மூண்டு வருசத்தில வரச் சொன்னனே, ஏன் வரேல்லை?" என்றார் டொக்டர்.

"வெள்ளாமை வெட்டு, டொக்டர்," என்றார் காக்கா.

இரண்டு வருடமாக வெட்டி முடியாத வெள்ளாமை. பொய்ச் சாட்சியை முகம் பார்த்தே பிடிக்கிற மனிதர், எனக்காகச் சொன்ன பொய்.

ஏழு மாதத்தில் மௌத்தானார்.

நாற்பதாம் நாள் அவருக்காகக் குர்ஆன் கத்தம் ஓதிச் சஹன் வைத்தார்கள். என்னோடு இருந்தவர்களில் பாதிப்பேர் பழைய ஆட்கள். ஒருவன் முழங்கையால் இடித்தான்.

"மச்சான், மரைக்காரட அந்தப் பிறைக் கதையச் சொல்லன். மனிசன் அண்டைக்கு எப்பிடிச் சிரிச்சாரு!"

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவை. அதுவும் இவ்வளவு பிந்தி. அவனே விரலைச் சுருட்டிக் கண்ணில் வைத்துச் சொன்னான். என்னைவிட நன்றாகச் சொன்னான்.

கறிச்சட்டியோடு வந்த காக்காவின் மூத்த மகன், "என்ன சாச்சா சிரிப்பு?" என்று கேட்டான். மூன்று பிள்ளைகளின் தகப்பன். நாற்பது தாண்டினால் அந்தக் குழாய்க்கு அவனும் போக வேண்டியவன்.

"ஒண்டுமில்ல மகன்," என்றேன்.

மற்ற ஐந்து பேரும் அதற்கும் சிரித்தார்கள்.