மச்சானின் ஏ.டி.வி.க்கு நைட்ரஸ்

என் மனைவியின் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணல் மேட்டில் ஏற முடியாமல் பாதியிலேயே நின்றுபோனார். நைட்ரஸ் கதை அங்கேதான் ஆரம்பித்தது.

எனக்குக் கீழ்க்கட்டளையில் டூவீலர் ஒர்க்‌ஷாப். மச்சான் வீடு கோவிலம்பாக்கத்தில். அவர்களுடைய வயலெல்லாம் ஃப்ளாட் ஆன பிறகு, செங்கல், ஜல்லி என்று கட்டடச் சாமான் வியாபாரத்தில் இறங்கியிருந்தார். இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் மூடிப்போன ஒரு ரிசார்ட்டில் சாமான்களை ஏலம் விட்டார்கள். கட்டிலும் ஏ.சி.யும் எடுக்கப் போன மனிதர் ஒரு ஏ.டி.வி.யோடு திரும்பி வந்தார். உப்பிய நான்கு டயர், பைக் மாதிரி ஹேண்டில்பார், முழங்காலுக்கு நடுவில் இருநூற்றைம்பது சி.சி. இன்ஜின். எதற்கு என்று கேட்டால், "சும்மா கெடக்கட்டும் மாப்ளே" என்றார். அவர் வீட்டில் எதுவும் சும்மா கிடந்ததாக எனக்கு நினைவில்லை.

அப்போது இந்த வகை வண்டி வைத்திருந்த சிலர் மாதம் ஒருமுறை கோவளம் தாண்டி, ஒரு சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கூடுவார்கள். அங்கே உயரமான மணல் மேடு ஒன்று இருந்தது. கீழிருந்து கிளம்பி நிற்காமல் உச்சிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் போட்டி. பரிசு என்று ஒன்றும் கிடையாது. மச்சான் முதல் தடவை போனபோது பாதி மேட்டில் டயர் புதைந்து நின்றுவிட்டது. பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வந்த ஓர் அம்மாள், "இன்னா அண்ணா, அங்கயே வூடு கட்டப் போறியா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார்.

"மாப்ளே, ஏதோ கேஸ் கீதாமே. பட்டன அமுக்கினா வண்டி பிச்சிக்கினு போவுமாமே. நீங்க இன்னா பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது. அடுத்த தபா நான் மேல நிக்கணும்."

அவர் சொன்னது நைட்ரஸ் ஆக்ஸைடு. பல் பிடுங்கும்போது கொடுக்கிற அதே சிரிப்பு வாயு. இன்ஜினுக்குள் விட்டால் அது பிரிந்து கூடுதல் ஆக்ஸிஜன் தரும். அதற்கேற்பக் கூடுதல் பெட்ரோலும் எரியும். சில நொடிகளுக்கு வண்டிக்கு இல்லாத பலம் வரும். "பாக்கலாம் மச்சான்" என்றேன். வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஆறு மாதம் பின்னால் போக வேண்டும்.

அந்த வருடம் பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது வண்டியின் பிஸ்டன் இறுகிப் போனது. ஒரிஜினல் பிஸ்டன் வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். மச்சான் வீட்டுப் பிள்ளைகள் பொங்கலுக்கு அந்த வண்டியில் ஊரைச் சுற்றிவரக் காத்திருந்தார்கள். "எங்க மாப்ள கை பட்டா ஓடாத வண்டி கெடையாது" என்று மச்சான் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். ஏறக்குறைய அதே விட்டமுள்ள ஓர் உள்ளூர் பைக்கின் பிஸ்டனை எடுத்தேன். பல்லாவரத்தில் லேத்தில் கொடுத்துத் தலையைக் கடைந்து, பிஸ்டனைக் கோர்க்கிற இரும்புப் பின் நுழையும் துளைக்கு புஷ் என்கிற வளையம் போட்டு, உள்ளே இறக்கிவிட்டேன். வண்டி ஓடியது. "ஒரிஜினலா?" என்று மச்சான் கேட்டார். "ஒரிஜினல்தான்" என்றேன். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த மரியாதைக்குள் ஒரு பொய்யை ஒளித்துவைப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சாதாரண ஓட்டத்துக்கு அந்தப் பிஸ்டன் தாங்கும். நைட்ரஸ் விட்டால் தாங்குமா என்பது எனக்குத் தெரியாது. செங்குத்தான மேட்டின் நடுவில் பிஸ்டன் உடைந்து சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டால், வண்டி பின்பக்கமாகப் புரண்டு ஓட்டுகிறவர் மேலேயே விழும். அது மட்டும் நன்றாகத் தெரியும்.

தெரிந்துகொண்டேதான் எந்த நைட்ரஸ் கிட் வாங்குவது என்று தேர்வு செய்ய உட்கார்ந்தேன். ஒர்க்‌ஷாப்புக்கு எதிரில் பிரவுசிங் சென்டர். மத்தியானத்தில் அங்கே போய், வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்து, நோட்டில் குறித்துக்கொள்வேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதல் வரி ஒன்றுதான்: இன்ஜின் நல்ல நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வரியை மட்டும் நான் ஒரு தடவைகூட நோட்டில் எழுதவில்லை.

மற்றதையெல்லாம் ஒழுங்காக எழுதினேன். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வாயு மட்டும் உள்ளே போகும். பெட்ரோலைக் கார்புரேட்டர்தான் எப்படியாவது சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் சூடு எகிறி பிஸ்டன் உருகும். இன்னொன்றில் வாயுவோடு பெட்ரோலும் தனிக் குழாயில் அளந்து போகும். இரண்டாவதுதான் வேண்டும் என்று முடிவு செய்தேன். வாயு அடைத்த பாட்டில் சிறியதே போதும், மேடு ஏற ஆறேழு நொடிதான். த்ராட்டிலை முழுதாகத் திருகினால் மட்டுமே பட்டன் வேலை செய்யும்படி ஒரு ஸ்விட்ச். எவ்வளவு வாயு போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஜெட் என்கிற பித்தளைத் துண்டின் ஓட்டை. கிட்டோடு மூன்று அளவு வரும். கிட் கைக்கு வந்ததும் நான் கடைசி அளவை, ஊசி முனைகூட நுழையாத ஓட்டையை, எடுத்துவைத்தேன்.

"இன்னா மாப்ளே, கொசு கடிச்ச ஓட்டையாட்டம் கீது. பெரிசு போடுங்க" என்றார் மச்சான்.

"பெரிசு போட்டா மணல்ல டயர் சும்மா சுத்தும் மச்சான். ஏறாது."

அது பொய்யில்லை. மணலில் பலம் அதிகமானால் டயர் சுற்றத்தான் செய்யும். ஆனால் நான் சிறிய ஜெட்டை எடுத்ததற்கு அது காரணமில்லை. தொழில் தெரிந்தவனிடம் எப்போதும் இப்படி உண்மையான காரணம் ஒன்று கைவசம் இருக்கும். சொல்ல வேண்டிய காரணத்தை அதற்குப் பின்னால் நிறுத்திக்கொள்ளலாம். அந்த மூன்று வாரமும் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் சோறு போடும்போது என் மனைவி, "எங்க அண்ணனுக்குத்தான் கிறுக்கு. வண்டி தாங்குமாங்க?" என்று கேட்டாள். தாங்கும் என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டேன்.

கிட் வாங்கியது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரேஸ் வண்டி தயார் செய்கிற ஒருவரிடம். பாட்டிலையும் அவரே நிரப்பிக் கொடுத்தார். நான் கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "இத படுக்க வெச்சுத்தான் மாட்டணும் சார். உள்ள ஒரு வளைஞ்ச குழாய் இருக்கு. லேபிள் மேல பாத்து இருந்தாத்தான் குழாய் அடியில கிடக்கிற திரவத்த எடுக்கும். திருப்பி மாட்டினா வெறும் ஆவிதான் வரும்." நான் லேபிள் மேலே பார்த்தபடி, வண்டியின் பின் கேரியரில் இரண்டு க்ளாம்ப் போட்டு மாட்டினேன். சனிக்கிழமை மத்தியானம் மச்சான் வந்து வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போனார். லேபிள் விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. மாட்டியாயிற்று, இனி அதில் யார் கை வைக்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சவுக்குத் தோப்பில் மறுபடி வண்டியைப் பார்த்தபோது மாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் இருந்தன. முந்தின நாள் சாயங்காலமே வீட்டில் பூஜை போட்டு, நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியிருந்தார்கள். என் கவனம் முழுக்க இன்ஜின் சத்தத்திலேயே இருந்தது. பாட்டிலைத் திறந்துவிட்டார் மச்சான். ஹெல்மெட்டை மாட்டினார். என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அப்போதுகூட ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கியிருக்கலாம். நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

மேட்டின் முக்கால்வாசி வரை வண்டி நன்றாகவே போனது. அங்கே பட்டனை அமுக்கினார். சைலன்சரில் கறுப்பாக ஒரு புகை. இன்ஜின் முக்கியது, இருமியது, இருமி இருமி அணைந்துபோனது. இறுகவில்லை, அடைத்துக்கொண்டுதான் நின்றது. அதனால் பிரேக் பிடிக்க அவருக்கு நேரம் கிடைத்தது. வண்டி மெதுவாகப் பின்னால் சறுக்கி, குறுக்கே திரும்பி, மணலில் அமர்ந்தது. கீழே எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நான் மேலே ஓடினேன்.

போய்ப் பார்த்தால் பாட்டிலின் மேல்பக்கத்தில் வேலோடு முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். பளபளவென்று புது ஸ்டிக்கர். லேபிளைக் காணோம், அது கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. லேபிள் பக்கத்தில் இடமில்லையென்று மச்சான் ஸ்டிக்கரை வெறுமையாக இருந்த மறுபக்கத்தில் ஒட்டியிருக்கிறார். ஒட்டியபின் சாமி முகம் தரையைப் பார்த்து இருப்பதா என்று மனசு கேட்கவில்லை. க்ளாம்பைத் தளர்த்தி, பைப்பைக் கழற்றி, பாட்டிலைத் திருப்பி, எல்லாவற்றையும் பத்திரமாக மறுபடி முடுக்கியிருக்கிறார். குழாய் மேலே போய்விட்டது. திரவம் வரவில்லை, ஆவிதான் வந்தது. பெட்ரோல் மட்டும் கூடுதலாகக் கொட்டி இன்ஜினை மூழ்கடித்துவிட்டது.

எனக்கு வந்தது நிம்மதி. ஆனால் வாயில் வந்தது கோபம். "யார் இதத் திருப்பச் சொன்னது? ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்று அத்தனை பேர் எதிரில் கத்தினேன். மூன்று வாரமாகப் பயந்துகொண்டிருந்தவனுக்கு, அடுத்தவர் தப்பு ஒன்று கையில் கிடைத்ததும் எங்கிருந்துதான் அவ்வளவு தைரியம் வந்ததோ. மச்சான் என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "என் தப்புதான் மாப்ளே. நீங்க கஷ்டப்பட்டு செஞ்சத நான் கெடுத்துட்டேன். மன்னிச்சிக்கங்க" என்றார்.

திங்கட்கிழமை வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார். பாட்டில் சரியாகத் திருப்பியிருந்தது. ஸ்டிக்கரைக் கிழிக்க மனமில்லாமல் லேபிளின் ஓரத்தில் சின்னதாக வேறொரு முருகனை ஒட்டியிருந்தார். "இந்தத் தபா கரீட்டா கீதா பாருங்க. அடுத்த மாசம் ஏறிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

அவர் போனதும் இன்ஜினைப் பிரித்தேன். பிஸ்டனைத் துடைத்து வெயிலில் காட்டிப் பார்த்தபோது, புஷ் போட்ட இடத்திலிருந்து கீழ்நோக்கி மயிரிழை அளவு விரிசல் ஓடியிருந்தது. நகத்தை வைத்தால் தட்டுப்பட்டது. பாட்டில் சரியாக இருந்திருந்தால், பட்டனை அமுக்கிய அந்த நொடியில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லித்தர எனக்கு ஆள் தேவைப்படவில்லை.

அப்போதும் ஒரு வழி இருந்தது. ஒரிஜினலை வரவழைத்து மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு மாதம் இழுத்தடிக்க ஏதாவது ஒரு காரணம் சொல்லலாம், என்னிடம் காரணத்துக்கா பஞ்சம். அப்படிச் செய்துவிடத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டது கண்ணை விட்டுப் போகவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும் பிஸ்டனை அவர் உள்ளங்கையில் வைத்தேன். இது ஒரிஜினல் இல்லை, பொங்கலுக்கு நான் போட்டது, விரிசல் இங்கே இருக்கிறது, பாட்டில் சரியாக இருந்திருந்தால் நேற்றே உடைந்திருக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் விரிசலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முருகன் காப்பாற்றினார் என்று சொல்வார், கத்துவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"நேத்து போனா போவுது மாப்ளே. அது என் கொழுப்பு," என்றார். "பொங்கலுக்குப் பசங்க மூணு பேரையும் முன்னால உக்கார வெச்சிக்கினு மேடவாக்கம் வரைக்கும் ஓட்டிக்கினு போனனே. அப்பவும் ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

தலையை ஆட்டிக்கொண்டார். பிஸ்டனைப் பெஞ்சின் மேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வெளியே போனார்.

நைட்ரஸ் கிட்டைப் பிறகு ஸ்ரீபெரும்புதூரிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நடந்ததை மச்சான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவிக்கு நானாகச் சொன்னதுதான். அதற்குப் பிறகும் அவருடைய வண்டிகள் என்னிடம்தான் வந்தன. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை, இன்றைக்கும் மாப்ளேதான், நீங்கதான். முன்பெல்லாம் சாவியை மேசையில் போட்டுவிட்டு, "பாத்துக்கங்க" என்று போய்விடுவார். இப்போது ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் கடைசி போல்ட்டை முடுக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரைப் போகச் சொல்ல எனக்கு ஒரு நாளும் வாய் வந்ததில்லை.