நினைவு நாள் கேசட்

எங்கள் வீட்டுக் காலண்டரில் அப்பா வட்டம் போட்டு வைத்த தேதிகளில் பாதிக்கு மேல் யாராவது செத்துப்போன நாளாக இருக்கும். ஒரு பாடகர் போன நாள், ஒரு இசையமைப்பாளர் போன நாள், பாட்டெழுதிய ஒருவர் போன நாள். மீதி வட்டங்கள் அதே ஆட்களின் பிறந்த நாட்கள். என் பிறந்த நாளுக்கு வட்டம் கிடையாது. அதை அம்மா ஞாபகம் வைத்துக்கொள்வாள்.

அப்பாவுக்குப் பீளமேட்டில் ஒரு மில்லில் ஷிஃப்ட் வேலை. ஓய்ந்த நேரத்தில் மெல்லிசைக் குழு ஒன்றில் பாடுவார். பாடுவார் என்றால் சொந்தமாக இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன ஒரு பெரிய பாடகரின் குரலில் பாடுவார். அந்தப் பாடகரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் அவர் எடுத்துக்கொண்ட இடமே போதும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள். தும்மினால்கூட அவரைப் போலவே தும்முகிறார் என்று குழுவில் தபேலா வாசித்தவர் சொல்வார். பெரிய பாடகர் தும்மி இவர் எங்கே கேட்டார் என்று யாரும் விசாரித்ததில்லை.

அம்மாவுக்கு அப்பாவும் 'அவரு'தான், செத்துப்போனவரும் 'அவரு'தான். "அவருக்கு மாலை வாங்கோணும்" என்றால் அது சுவரில் தொங்கிய படத்துக்கு. "அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு" என்றால் அது அப்பாவுக்கு. நான் இடம் பார்த்துப் பொருள் எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தேன்.

மற்ற நாட்களில் யாராவது கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ கூப்பிட்டால் அப்பாவுக்கு ஒன்றிரண்டு பாட்டுக் கிடைக்கும். நினைவு நாளன்றுதான் மேடை முழுக்க அவருடையது. பம்ப்செட் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவர் ரசிகர் மன்றத்துக்குத் தலைவராக இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பாட்டென்றால் உயிரை விடுகிறவர். அன்றைக்கு எங்கள் லைன் வீட்டுக்கே கார் அனுப்புவார். நானும் ஏறிக்கொள்வேன். அதனால் சாவு என்பது எனக்கு நல்ல காரியமாகவே பட்டது. இன்ன பாடகரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தால் அப்பா அன்று சாயங்காலமே அவருடைய பாட்டுகளைப் பழக ஆரம்பித்துவிடுவார். "பாவம், நல்லாயி வரோணும்" என்று சொல்லிக்கொண்டேதான் பழகுவார். நான் பிள்ளையார் கோயிலில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கையைக் கூப்பிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது மில்லை மூடிவிட்டார்கள். இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று அப்பா கொஞ்ச நாள் மில் கேட் வரைக்கும் போய் வந்தார். பிறகு போகவில்லை. காலண்டரில் வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே எவ்வளவு காலி நாட்கள் கிடந்தன என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பா சட்டைகூட மாற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் அம்மாதான் பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, உங்க கொரல்லயே ஒரு கேசட்டுப் போட்டா என்னங்க?"

"என்ற கொரல்லதான தெனமும் பாடறேன்?"

"அது அவரு கொரலுங்க. கல்யாணமான வருசம் அந்தியூர்ச் சந்தைக்குப் போயிட்டு லாரியில வந்தமே, வழி பூராவும் பாடிக்கிட்டே வந்தீங்க. அது யாரு கொரலும் இல்லீங்க. அதைக் கேட்டுப்போட்டுத்தான் நான்…" என்றவள் நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

அப்பாவுக்கு லாரி ஞாபகம் இருந்தது. பாடியது ஞாபகம் இல்லை. ஆனாலும் மறுநாள் காலையில் முகச்சவரம் செய்துகொண்டு வெளியே கிளம்பினார்.

அதற்கப்புறம் வீடே மாறிப்போயிற்று. அப்பா மாரியம்மன் மேல் பாட்டுகள் கட்டினார். மெட்டும் அவரே போட்டார். செலவை மன்றத் தலைவர் ஏற்றுக்கொண்டார். அடுத்த நினைவு நாள் மேடையிலேயே கேசட்டை வெளியிடுவது என்றும், அட்டையில் அப்பாவின் படத்தையும் பெயரையும் போடுவது என்றும் பேசி முடித்தார்கள். அப்பா டீயை நிறுத்திவிட்டு வெந்நீர் குடித்தார். இந்தக் கேசட் மெட்ராஸில் யார் காதிலாவது விழுந்தால் கூப்பிட்டு அனுப்புவார்கள், அப்புறம் யாருடைய சாவு நாளுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்று நம்பினார். அதை விட்டால் அவருக்கு நம்புவதற்கு வேறு ஒன்றும் இல்லை.

"இத்தன நாளா அடுத்தவரு சட்டையப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சாச்சு அம்மணி. இனி நம்ம சட்டை" என்று என்னிடம் சொன்னார். எனக்கும் புதுச் சட்டை வரும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒலிப்பதிவு துடியலூரில். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு வீட்டு மாடியைத் தடுத்து, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி வைத்திருந்தார்கள். சத்தம் வரும் என்று ஃபேன் போடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா. இந்தப் பக்கம் அம்மா, நான், மன்றத் தலைவர், ஹெட்போன் மாட்டிய ஓர் இளைஞர்.

அப்பா பாடினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மன்றத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரே எந்திரிச்சு வந்துட்டாருங்க" என்றார். அந்த இளைஞர் டேப்பை நிறுத்திவிட்டு, எங்கள் பக்கத்து மைக்கில் அப்பாவிடம் பேசினார்.

"அண்ணா, அருமையா இருக்குதுங்ண்ணா. ஆனா இது அவரு கொரலுங்ண்ணா. உங்க கொரல்ல பாடுங்க."

"இது என்ற கொரலுதானுங்க தம்பி" என்றார் அப்பா. பிறகு அவரே, "செரிங்க, இன்னொருக்கா பாத்துரலாம்" என்றார்.

மறுபடி பாடினார். முதல் வரியில் என்னவோ தடுமாறியது. இரண்டாவது வரியில் பழைய ஆள் வந்து உட்கார்ந்துகொண்டார். சுருதியை இறக்கிப் பாடினார், அவர்தான் வந்தார். ஏற்றிப் பாடினார், அப்போதும் அவரேதான். வேர்வை கழுத்தில் வழிய அப்பா கண்ணாடி வழியே அம்மாவைப் பார்த்தார். மைக்கில் அவர் கேட்டது எங்கள் பக்கத்து ஸ்பீக்கரில் வந்தது.

"அன்னைக்கு லாரியில எப்படிப் பாடுனேன்?"

அம்மாவுக்குப் பாடத் தெரியாது. எங்கள் பக்கத்து மைக்கை நோக்கிக் குனிந்து, "சும்மா பாடுனீங்க" என்றாள்.

"சும்மான்னா எப்படி?"

"சும்மாதானுங்க. நீங்க பேசற மாதிரி."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் வாயைத் திறந்தார். மெலிந்த, நடுங்குகிற ஒரு குரல் வந்தது. வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னால் கூச்சப்பட்ட பிள்ளைகள் படிக்குமே, அப்படி இருந்தது. சுருதியில் நிற்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"என்னங்க, தொண்டை கட்டிக்கிச்சுங்களா? கொரலே எந்திரிக்கலீங்களே" என்றார் மன்றத் தலைவர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டார். "வேண்டாமுங்க, மொதல்ல பாடுன மாதிரியே பாடிப்போடுங்க. சனங்க கேக்கறது அதைத்தானுங்க."

அப்பா இளைஞரைப் பார்த்தார். இளைஞர் குனிந்துகொண்டார்.

"செரிங்க" என்றார் அப்பா.

அந்த இளைஞர் டேப்பைப் பின்னால் ஓட்டி, நடுங்கிய அந்த வரிகளின் மேலேயே மறுபடி பதிந்தார். சாயங்காலத்துக்குள் எல்லாப் பாட்டும் முடிந்தது. ஒரு பிசிறு இல்லை. அப்பாவின் சொந்தக் குரல் உலகத்தில் பதிவானது அந்த ஒரு முறைதான். அதை என் கண் முன்னால்தான் அழித்தார்கள். நான் அப்போது ரீல் சுற்றுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா மெதுவாகச் சொன்னாள். "நடுவுல வந்துச்சுங்களே, அதுதானுங்க."

"அதுவா?" என்று அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். "அதையா இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தே? அது பாட்டே இல்லியே."

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அப்பா மடியில் தூங்கிப்போனேன்.

நினைவு நாள் வந்தது. கேசட் வெளியானது. அட்டையில் இறந்தவருடைய படம்தான் பெரிதாக இருந்தது. அப்படிப் போட்டால்தான் கடைக்காரர்கள் வாங்குகிறார்கள் என்று மன்றத் தலைவர் சங்கடத்தோடு விளக்கினார். அப்பாவின் பெயர் பின்பக்கம், அச்சகத்தின் பெயருக்கு மேலே இருந்தது. அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அச்சு நல்லா வந்திருக்குதுங்க" என்றார்.

பிறகு நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. கேசட் ஓடியது. டீக்கடையில் போட்டார்கள், மினிபஸ்ஸில் போட்டார்கள். ஆனால் அதை அப்பா பாடியதாக யாரும் நினைக்கவில்லை. அந்தப் பெரிய பாடகர் எப்போதோ பாடி, வெளிவராமல் பெட்டியில் கிடந்த பாட்டுகள் இப்போதுதான் கிடைத்திருக்கின்றன என்று ஊரே பேசிக்கொண்டது. மன்றத் தலைவர் ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும் திருத்திச் சொன்னார். யாரும் நம்பவில்லை. அவரும் அலுத்துப்போய் விட்டுவிட்டார். மெட்ராஸிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் செத்தவரைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

அந்த வருடம் மாரியம்மன் கோயில் நோம்பிக்கு அப்பா என்னைக் கூட்டிப்போனார். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அவருடைய பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு வயதானவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா அருகில் போய் நின்றதும் அவராகவே பேசினார்.

"கேட்டீங்ளா, என்னமாப் பாடியிருக்காரு! இனி இந்தக் கொரலுக்கு எங்கீங்க போறது? மகராசன் போயிட்டாரு."

"இது எங்க…" என்று நான் வாயைத் திறந்தேன். அப்பா என் கையை வலிக்கிற மாதிரி அழுத்தினார்.

"ஆமாங்க" என்றார். "போயிட்டாருங்க."

"உங்களுக்குப் பழக்கமுங்களா?"

அப்பா ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பிக்கிறவரை நின்றார்.

"கொஞ்ச நாள் பழக்கமுங்க. ரொம்பக் கூச்ச சுபாவமுங்க" என்றார்.

பெரியவர் துண்டை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். அப்பா தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எந்த மேடையிலும் பாடவில்லை. குளிக்கும்போதுகூட முணுமுணுக்கவில்லை. வேலை தேடித் திருப்பூர் போனார், ஒரு பனியன் கம்பெனியில் மூட்டை கட்டினார், சில வருடங்களில் நெஞ்சு நோவில் இறந்துபோனார். அவருடைய நினைவு நாள் வரும்போது போடுவதற்கு எங்களிடம் அவர் குரலில் ஒரு பாட்டும் இல்லை.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு. நோம்பியன்று எனக்கு ஒரே சிரிப்பாக இருந்தது. அந்தப் பாடகரை அப்பா நேரில் பார்த்ததே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, அப்பா ஒரு தாத்தாகிட்டப் பொய் சொல்லிப்போட்டாரு! அவரு கூடப் பழகியிருக்கறாராமா, அவரு ரொம்பக் கூச்ச சுபாவமாமா!" என்று கைகொட்டினேன்.

அம்மாவும் சிரிப்பாள் என்றுதான் ஓடி வந்தேன். அவள் அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு சின்னப் பொய்க்குப் போய் இப்படி அழுகிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.