மாடியில் நின்ற பிள்ளைகள்

நான் தொலைந்துபோனது ஒரே ஒரு முறைதான். அதுவும் ஒரு ஜவ்வுமிட்டாய் கைக்கடிகாரத்துக்காக.

ஆடிப்பூரத் தேர் பார்க்க ராஜபாளையத்திலிருந்து அம்மாவும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போயிருந்தோம். ரத வீதியில் மிட்டாய்க்காரரின் பொம்மை கைதட்டும் சத்தம் கேட்டது. அம்மாவின் கையை விட்டேன். திரும்பிப் பார்த்தால் எல்லாம் அந்நியப் புடவைகள்.

தேரன்று அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவையும் சாத்தமாட்டார்கள். தண்ணீர் குடிக்க யாரும் உள்ளே போகலாம். அழுதுகொண்டு நின்ற என்னை ஒரு வீட்டுக்கார அம்மாள் மாடிக்கு இழுத்துக்கொண்டு போய், ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினார்.

“அழாதட்டி. தேரு வந்தா ஊரே அண்ணாந்துதான பாக்கும்? ஒங்க அம்மாவும் அண்ணாந்து பாப்பா.”

அங்கே எனக்கு முன்பே ஒரு பையன் முறுக்கு தின்றபடி நின்றிருந்தான். சேத்தூர்க்காரனாம். “போன வருசமும் எங்கம்மா இங்க வந்துதான் கூட்டிட்டுப் போனா” என்றான், சொந்த வீட்டைச் சொல்வதுபோல.

தேர் தெரு முக்கில் திரும்பியபோது அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். மேலே வந்தவள் என்னை அடிக்கவில்லை, கொஞ்சவுமில்லை. சுவரோரம் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தாள். அப்புறம் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மிட்டாய்க்காரர் போய்விடுவாரே என்று எனக்குத் தவிப்பு. கையைப் பிடித்து இழுத்தேன்.

“செத்த நேரம் இருடி” என்றாள்.

“அவ தேரு பாக்கட்டும், விடு” என்றார் வீட்டுக்கார அம்மாள்.

நானும் நம்பினேன். ஆனால் அம்மா தெருவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.

இந்த ஆடியில், அதே தெருவில், என் மகன் கையை விட்டுவிட்டான். நான் முதலில் அண்ணாந்துதான் பார்த்தேன். அந்த வீடு இப்போது லாட்ஜ். கீழே பால்கோவா கடை, மேலே ஏசி அறைகள், திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்கள். பக்கத்து வீடுகளும் அப்படித்தான். வெளியூர்க் கூட்டம் எம்புட்டு வந்தாலும் தங்க இடமிருக்கிறது, நல்லதுதான். போலீஸ் கேமராவில் பையனைக் கண்டுபிடித்து ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிட்டார்கள். என் போன் நம்பரைக்கூடச் சரியாகச் சொல்லியிருந்தான். நான் கிடைத்ததைவிடச் சீக்கிரமாகவே கிடைத்துவிட்டான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவனை அழைத்துக்கொண்டு நாலு எட்டு வைத்தேன். லாட்ஜ் படியில் உட்கார்ந்தேன்.

கண்ணாடிக் கதவைத் திறந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். “ரூம் புக் பண்ணிருக்கீங்களா மேடம்?”

“இல்ல.”

“கோவிச்சுக்காதீங்க, கெஸ்ட் வர்ற வழி. கொஞ்சம் தள்ளி நின்னுக்கிடுங்க.”

மரியாதையாகத்தான் சொன்னார். எழுந்து ‘கார் பார்க்கிங் உண்டு’ என்ற பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகன் என் கையை இழுத்தான்.

“போலாம்மா, பசிக்குது.”

“செத்த நேரம் இருடா.”

“ஏன், தேரு பாக்கணுமா?”

தேர் எங்களைக் கடந்து எப்போதோ போயிருந்தது. ஆமாம் என்றேன்.