ஹீற்றருக்குப் பக்கத்துக் கதிரை

பதினொரு பேர். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது, ஒருவருக்கும் என்னைத் தெரியாது. அவர்கள் தெற்கு இத்தாலியில் ஒரு கடலோர நகரத்தில் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவிஸில், பீல் நகரத்தில் ஒரு பட்டறையில் கைக்கடிகாரக் கூடுகளை மினுக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் தோற்றால் எனக்கு ஏன் நித்திரை கெட வேண்டும்? தொண்ணூறுகளின் நடுவில் ஒரு முழுப் பருவம், இலையுதிர் காலத்தில் இருந்து அடுத்த கோடை வரை, கெட்டது. இன்றைக்கு நினைத்தாலும் கோபம்தான் வருகிறது.

அப்போது என் அகதி விண்ணப்பம் முடிவு இல்லாமல் கிடந்தது. அகதிகளுக்கான உதவி நிலையத்தில் இருந்த பெண் என்னிடம், வேலை இடத்தில் ஒரு கடிதம் வாங்கி வைக்கச் சொன்னாள். இந்த ஆள் ஒழுங்கானவர், எங்களுக்குத் தேவையானவர் என்று நாலு வரி. அடுத்த கோடைக்கு முன்னர் அனுப்பினால் போதும். அந்த நாலு வரியைத் தரக்கூடியவர் எங்கள் மேற்பார்வையாளர் ஒருவர்தான். முப்பது வருடத்துக்கு முன்னர் வந்த இத்தாலியர். எல்லோரும் அவரைச் செஃப், அதாவது பொறுப்பாளர், என்றே அழைப்போம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கையெழுத்துப் போடுகிற மனிதரைக் கண்டாலே நாக்கு ஒட்டிவிடும். அறையில் என்னோடு இருந்த அண்ணையிடம் யோசனை கேட்டேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார்.

"நேர போய்க் கேட்டிடாதை. கையிலை ஏதும் கொண்டு போ. கொஞ்சம் இருந்து கதை. மனுசன் தானாக் கேக்கும், என்ன விசயமா வந்தனீ எண்டு. அப்பச் சொல்லு" என்றார்.

எனக்கும் அது சரியாகப் பட்டது. எங்களுடைய ஆட்களிடம் காரியம் அப்படித்தான் நடக்கும். போனவர் வாய் திறக்கமாட்டார், வீட்டுக்காரர்தான் கேட்பார். கேட்காமல் விடுவது மரியாதை இல்லை. ஆகவே ஒரு ஞாயிறு மரக்கறி ரோல்ஸ் பொரித்து, பச்சைச் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு, அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் திரும்பிப்போய்ப் பார்த்துவிட்டு, செஃப்பைத் தேடிப் போனேன்.

ஞாயிறு பின்னேரங்களில் அவர் ஸ்டேசனுக்குப் பின்னால் இருந்த இத்தாலியர்களின் சங்க அறையில் இருப்பார். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வானொலி. அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு ஆண்கள், எல்லோரும் அந்தக் கடலோர நகரத்துக்காரர்கள். அவர்களுடைய கழகம் பல வருடத்துக்குப் பிறகு முதலாம் பிரிவுக்கு ஏறியிருந்தது. நான் உள்ளே போகும்போது ஒரு கோல் பின்னுக்கு நின்றது. செஃப் என்னைப் பார்த்தார், ரோல்ஸ் பெட்டியைப் பார்த்தார், ஹீற்றருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கதிரையைக் கையால் காட்டினார். யாரோ ஒருவர் கறுத்த சோடா ஒன்றைத் திறந்து தந்தார். கஷாயம் போலக் கசந்தது.

நான் இரண்டு மிடறு விழுங்குவதற்குள் வானொலிக்காரர் கத்தினார். சமன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தரம் கத்தினார். வென்றுவிட்டார்கள். முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் வைத்தார். ரோல்ஸ் முடிந்தது. ஆனால் என்ன விசயமா வந்தனீ என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு கீழே கார் ஹோர்ன் அடித்தது. அண்ணை யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"உன்ரை செஃப் எல்லே நிக்கிறார்! கடிதத்தை வீட்டுக்கே கொண்டு வந்திட்டாரோ?"

கடிதம் இல்லை, என்னைக் கொண்டுபோக வந்திருந்தார். காரில் ஏறியதும் என் சட்டையைப் பார்த்தார். நாங்கள் பேசியது டொச்சு, அதாவது ஜேர்மன்; அவருடையதும் என்னுடையதும் ஒரே அளவுக்கு முறிந்தது. ஆகவே அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"பச்சைச் சுவெற்றர் எங்கை?"

"தோய்க்கப் போட்டனான்."

"தோய்க்காதை! போய் அதையே போட்டுக்கொண்டு வா. அந்தப் பலகாரமும் வேணும்."

அன்றும் வென்றார்கள். அதோடு என் ஞாயிறுகள் போயின. அதே கதிரை, அதே கசப்புச் சோடா, அதே சுவெற்றர், அதே ரோல்ஸ். ஆட்டம் நடக்கும்போது நான் எழும்பக் கூடாது. மூத்திரம் முட்டினாலும் இடைவேளை வரை இருக்க வேண்டும். ஒருநாள் தாங்காமல் எழும்பியபோது கிழவர் என் தோளைப் பிடித்து அமுக்கினார்: "இரு, இரு, கோணர் கிக் அடிக்கப் போறான்!" நான் மனிதனா, காரின் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்ட எலுமிச்சம்பழமா? வாரத்தில் ஆறு நாள் தூசியைச் சுவாசிக்கிறவனுக்கு இருந்தது ஒரே ஒரு ஓய்வு நாள். அதிலும் பாதி நாள் ரோல்ஸ் சுற்றுவதில் போனது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்கென்று தனியாகக் கேக் வைத்திருப்பார்கள், என் பெயரை முயன்று முயன்று சொல்வார்கள். ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை! ஆட்டம் முடிந்து செஃப் என் பக்கம் திரும்பும் ஒவ்வொரு தரமும், இதோ கேட்கப் போகிறார் என்று நிமிர்ந்து இருப்பேன். அவர் கேட்பது, "இன்னும் ஒரு சோடா?"

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் ஒரு ஞாயிறு, திரிம்பாக் ஊரில் இருந்த எங்கள் ஆட்களின் கோயிலுக்குப் போனேன். அங்கே அக்காவின் பிள்ளைக்கு முதல் சோறு தீற்றினார்கள். போகாமல் விட்டால் அக்கா ஒரு வருடம் கதைக்கமாட்டாள். சாமி முன்னால் நின்றும் பந்தைத்தான் நினைத்தேன். மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். திங்கட்கிழமை காலை பட்டறையில் ஒரு இத்தாலியனும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. செஃப் என்னைத் தூசி உறிஞ்சாத பழைய மெஷினில் போட்டார்.

"எங்கை போனனீ?"

"கோயிலுக்கு."

"ஞாயிற்றுக்கிழமையோ?" என்றார், அவர் ஒரு நாளும் ஞாயிறு மாதா கோயிலுக்குப் போகாதவர் மாதிரி.

தை மாதத்துக்குப் பிறகு கழகம் சறுக்கத் தொடங்கியது. பதினெட்டுக் கழகங்களில் கடைசி நான்கும் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். அந்த அட்டவணை எனக்கு மனப்பாடம். பின்னால் நிற்கிற கழகம் எது, யாரோடு மோத இருக்கிறது, அவர்களுடைய கோல்காப்பாளருக்குக் காலில் என்ன நோ, எல்லாம் தெரியும். இவர்கள் இறங்கினால் செஃப்பின் முகம் இறங்கும். முகம் இறங்கினால் கையெழுத்து வராது. கையெழுத்து வராவிட்டால்? அதற்கு மேல் நினைக்க ஏலாமல் எழும்பிப்போய் மறுபடி அடுப்பைப் பார்ப்பேன்.

அண்ணை விடமாட்டார். "என்னடாப்பா, கடிதம் இன்னும் இரண்டாம் பாதியிலையோ? மேலதிக நேரம் குடுப்பாங்களோ?"

"நீங்கள்தானே அண்ணை சொன்னியள், அவர் கேப்பார் எண்டு!"

"எங்கடை ஆக்கள் கேப்பினம். உவங்கள் கேக்காட்டி நான் என்ன செய்ய?"

கடைசி ஞாயிறு வந்தது. வென்றால் தப்பலாம். உதவி நிலையத்துப் பெண் இன்னும் இரண்டு வாரம்தான் என்று சொல்லியிருந்தாள். யூன் வெயிலில், நல்ல காலமாக அணைத்திருந்த ஹீற்றருக்குப் பக்கத்தில், கம்பளிச் சுவெற்றருக்குள் வேர்த்து ஒழுக இருந்தேன். பூச்சியம், பூச்சியம். ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது எனக்குத் தாங்கவில்லை. எல்லோரும் வானொலியைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் மெல்ல எழும்பிக் கழிப்பறைக்குப் போனேன். உள்ளே நின்றபோதே அறை முழுவதும் ஓலமிட்டது கேட்டது.

திரும்பி வந்தபோது பன்னிரண்டு முகங்கள் என்னைப் பார்த்தன. மற்றவர்கள் கோல் அடித்து ஆட்டமும் முடிந்திருந்தது; கழகம் இறங்கிவிட்டது. கிழவர் விரலை நீட்டினார்: "நீ எழும்பினனீ. ஏன் எழும்பினனீ?"

என் வாழ்க்கையில் நான் பெரியவர்களைப் பார்த்துக் கத்தியது அந்த ஒரு தரம்தான். முதலில் தமிழில் கத்தினேன், பிறகு தெரிந்த டொச்சில். "உங்கடை பந்துக்காக நான் வரேல்லை! எனக்குப் பந்தும் தெரியாது, ஒண்டும் தெரியாது! இந்தச் சோடா எனக்குப் பிடிக்காது! ஒரு கடிதம்! ஒரு கடிதத்துக்காக ஒன்பது மாசம் இந்தக் கதிரையிலை இருந்தனான்!"

செஃப் வானொலியை நிற்பாட்டினார்.

"என்ன கடிதம்?"

சொன்னேன். நாலு வரி, இரண்டு வாரம், எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் கேக்கேல்லை?"

"நீங்கள் ஏன் கேக்கேல்லை?"

அவருக்கு அது விளங்கவே இல்லை. "நான் உன்னட்டை என்னத்தைக் கேக்கிறது? நீ எங்களோடை இருக்க விருப்பப்பட்டு வாறாய் எண்டெல்லே நினைச்சன்" என்றார். யாரும் ரோல்ஸைத் தொடவில்லை. பெட்டியை மூடிக்கொண்டு நடந்தே அறைக்கு வந்தேன்.

திங்கட்கிழமை காலை என்னைக் கந்தோருக்குக் கூட்டிப்போனார். காரியதரிசிப் பெண் தட்டெழுத, அவர் சொல்லச் சொல்ல ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஐந்து நிமிடம்! நேர்மையானவர், கவனமானவர், எங்களுக்கு வேண்டியவர். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: ஒரு ஞாயிறு தவிர, ஒரு நாளும் தவறாமல் வந்தவர்.

காரியதரிசி நிமிர்ந்தாள். "ஞாயிறு பட்டறை பூட்டுத்தானே?"

"சரி, அதை வெட்டு" என்றார். என்னைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் போய்ச் சேர்ந்தது. அனுமதியும் அடுத்த வருடம் கிடைத்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. கடிதம் வாங்கிய அதே வருட இலையுதிர் காலத்தில் இரண்டாம் பிரிவு ஆட்டங்கள் தொடங்கின. முதல் ஞாயிறு விடியவே எழும்பி ரோல்ஸ் பொரித்தேன். ஏன் என்று அண்ணை கேட்டதற்கு, சும்மா என்றேன். பச்சைச் சுவெற்றரும் கதிரையில் கிடந்தது. மதியம் போனது, ஆட்டம் தொடங்கும் நேரமும் போனது. கீழே ஒரு ஹோர்னும் அடிக்கவில்லை.

"அவையளும் கேக்க மாட்டினம், நீயும் கேக்க மாட்டாய்" என்று அண்ணை ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். "வடிவா இருக்கு."

மறுநாள் பட்டறையில், கையில் கூட்டை மினுக்கியபடியே, பெரிதாக அக்கறை இல்லாதவன் போலக் கேட்டேன்: "நேற்று என்ன மாதிரி?"

"வென்றிட்டம்" என்றார் செஃப்.

நான் இல்லாமல். என் சுவெற்றர் இல்லாமல், என் ரோல்ஸ் இல்லாமல், ஒரு சோடாப் போத்தலைக்கூட நான் தொடாமல். ஒன்பது மாதம் என்னைக் கதிரையோடு சேர்த்து அமுக்கி வைத்திருந்தவர்கள்!

"என்ரை கதிரையிலை ஆர் இருந்தது?"

அவர் மெஷினை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒருத்தரையும் இருக்க விடேல்லை" என்றார்.

பிறகும் என்னை வா என்று சொல்லவில்லை. நானும் வரட்டோ என்று கேட்கவில்லை.