கடைசிக் கால்பகுதி எங்களுடையது

என் உயரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் பார்க்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணுக்கு இது உயரமல்ல, தீராத வழக்கு. எனக்குக் கல்யாணம் பேசிய காலத்தில் வந்த மாப்பிள்ளைப் படங்களெல்லாம் இடுப்புக்கு மேலே எடுத்தவை. முழு உருவத்தைக் காட்ட ஒருவருக்கும் துணிவில்லை. கடைசியில் என்னைக் கட்டியவர் என்னைவிட இரண்டு அங்குலம் கட்டை. கல்யாணப் படத்தில் அவர் ஒரு படி மேலே நிற்கிறார். அந்தப் படி படத்துக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் சேலைக்கு இருந்தது.

இந்த உயரத்தால் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு லாபம்: நெற்போல் என்று நாங்கள் சொல்லும் வலைப்பந்தாட்ட அணியில் வளையத்தைக் காக்கிற கோல் கீப்பர். வலைப்பந்தாட்டத்தின் விதிகளைப் படித்துப் பார்த்தால், பெண்கள் நடமாடுவதில் கடுமையான சந்தேகம் உள்ள யாரோ உட்கார்ந்து எழுதியவை என்று தோன்றும். பந்து கைக்கு வந்தால் ஓடக்கூடாது. மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. பந்து வைத்திருப்பவளிடமிருந்து மூன்று அடி தள்ளி நிற்கவேண்டும். உனக்கென்று வரைந்த கோட்டைத் தாண்டக்கூடாது; நீ எந்தக் கோட்டுக்குள் அடங்கியவள் என்பதை நெஞ்சிலும் முதுகிலும் எழுத்தாக ஒட்டிக்கொள்ளவேண்டும். இவ்வளவு கட்டுப்பாட்டையும் வைத்துக்கொண்டு பெண்கள் அதைப் பல்லுடைகிற ஆட்டமாக மாற்றிவிட்டார்கள் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு தனிப்பட்ட திருப்தி.

2012 என்று நினைக்கிறேன். மெல்பேர்ணின் புறநகரான டண்டினொங்கில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே பகுதி நேரமாக ஒரு பிள்ளை வந்து சேர்ந்தாள். இருபத்துமூன்று வயது இருக்கும். மெல்பேர்ணுக்கு வெளியே, மாடுகள் அதிகமும் ஆட்கள் குறைவுமான ஊரிலிருந்து வந்தவள். குழாய்களைத் தரம் பிரித்து, சுழல் இயந்திரத்தில் வைத்து எடுப்பது அவள் வேலை. ஒரு நாள் அவளுடைய படம் பேருந்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அதாவது, ஒரு வலைப்பந்தாட்ட அணியின் படம். அதில் இவள் கடைசி ஆள். பாதி முகத்தில் சக்கரம் வந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்தும் உயர்மட்ட லீக்கில் ஆடுகிற தொழில்முறை வீராங்கனை. காலையில் விடியுமுன் பயிற்சி, மாலையில் பயிற்சி, நடுவில் மற்றவர்களின் இரத்தம். அந்த அணியில் ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி தாதி, இரண்டு பேர் மாணவிகள். நான் வாசித்த காவியங்களில் எந்த வீரனும் போருக்குப் போகுமுன் மேலாளரிடம் லீவு கேட்டதாக இல்லை.

இவள் மாற்று ஆட்டக்காரி. கோல் சூட்டர், அதாவது வளையத்தில் பந்து போடுகிறவள். முதலில் இறங்குகிறவளுக்குக் களைத்தால் அல்லது கால் பிசகினால் இவள். மற்ற நேரமெல்லாம் திடலோரத்து வாங்கிலில் உட்கார்ந்து கைதட்டவேண்டும். அந்தப் பருவத்தில் கைதட்டுவதற்கும் அதிகம் இருக்கவில்லை. அணி தோற்றது. மெல்பேர்ணில் தோற்றது, நியூசிலாந்துக்குப் பறந்துபோய்த் தோற்றது, திரும்பி வந்து களைப்பில் தோற்றது.

அப்படியொரு தோல்வியின்போதுதான் அவளை இறக்கினார்கள். நான் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரணி ஒரு நியூசிலாந்து அணி; அதன் கோல் கீப்பர் ஆறடி நாலங்குலம். கையைத் தூக்கினால் கூரை திருத்தலாம். எங்கள் பிள்ளை எறிந்த பந்தெல்லாம் அந்தக் கைக்குப் பயந்து நேரத்தோடு வளைந்து, வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. நான்கு கால்பகுதிகள் கொண்ட ஆட்டத்தில் அந்த ஒன்று முடிந்ததும் அவளை வெளியே எடுத்துவிட்டார்கள்.

"பாவம், கிரிக்கெட்டிலயெண்டா மழை வந்து காப்பாத்தியிருக்கும்" என்றார் என் கணவர். கிரிக்கெட்டைத் தவிர மற்றதெல்லாம் உடற்பயிற்சி என்பது அவருடைய சித்தாந்தம்.

அடுத்த வாரம் எங்கள் மேலாளர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். மேலாளர் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட எட்டு வயது இளையவர், நல்ல மனிதர். அந்த நல்ல தன்மைதான் பிரச்சினை. கூடத்தை இனிச் சனிக்கிழமைகளிலும் திறக்கப்போகிறார்கள், அவளுடைய பகுதி நேர வேலையை முழுநேர நிரந்தர வேலையாக்குகிறார்கள், சனிக்கிழமை கட்டாயம். அவளுக்கே முதலில் கொடுக்க விரும்புகிறார். மாட்டேன் என்றால் வேறு ஆள். பருவம் முடிவதற்குள் பதில் வேண்டும். சனிக்கிழமை வேலை என்றால் பாதி ஆட்டங்களும் பயணமும் போயிற்று, அணியும் போயிற்று.

"பர்மனென்ட், அக்கா!" என்றார் என்னிடம். "எங்க ஊர்ல இதுக்குப் பழனிக்குப் போய் மொட்டை போடுவாங்க. இந்தப் பொண்ணு யோசிக்கணும்னுது."

மதிய இடைவேளையில் அவள் என் மேசைக்கு வந்தாள். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்; அவளை நான் இங்கே எங்கள் ஊர்த் தமிழில் பேசவிடுகிறேன். இடையிடையே வந்த கெட்ட சொற்களை வடித்துவிட்டேன். அதனால் சில வசனங்கள் மிகவும் குறுகிவிட்டன.

"கோச் சொல்லிப்போட்டா. உயரமான ஆக்களுக்கு மேலாலை எறியத் தெரியாட்டி வாற வருசம் எனக்கு ஒப்பந்தம் இல்லையாம்."

நான் உடனே சொன்னேன்: "அப்ப அந்த நிரந்தர வேலையை எடுங்கோ." யோசித்துச் சொல்லவில்லை. தும்மல் மாதிரி வந்தது. நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்கள் அப்படித்தான். சுவரில் பல்லி சொல்லும்போது மேசையைத் தட்டுவதுபோல ஒரு கை தானாக அசையும். ஊர்விட்டு ஊர் ஓடி வந்தவர்களுக்கு அந்தச் சொல்லில் ஒரு கூரை இருக்கிறது.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"நான் அதைக் கேக்க வரேல்லை. எழும்பி நிண்டு கையைத் தூக்கிக் காட்டுங்கோ."

நான் எழும்பிக் கையைத் தூக்கினேன். அவள் தலையைச் சாய்த்து அளந்தாள். "உயரம் காணாது" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்னைக் கட்டை என்றது அன்றுதான். துப்புரவு அறைக்குப் போய்த் துடைப்பத்தடி ஒன்றை எடுத்துவந்து என் கையில் தந்தாள்.

கூடத்துக்குப் பின்னால், பூங்காவின் ஓரத்தில் தார் போட்ட ஒரு வலைப்பந்துத் திடல் இருந்தது. அன்று முதல் மழையில்லாத மதியங்களில் எல்லாம் அங்கே நின்றோம். அவள் எறிவாள். நான் மூன்று அடி தள்ளி, ஒரு காலில் சாய்ந்து, துடைப்பத்தடியை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்பேன். நாற்பத்தெட்டு வயது, ஆய்வுகூடக் கோட், காலில் வேலைக்குப் போடுகிற சப்பாத்து. நாயோடு நடக்க வருகிறவர்கள் நாயை இழுத்துக்கொண்டு வேறு பாதையில் போனார்கள். தடியின் மறுமுனையில் துணி தொங்கியதால் காற்றடித்தால் மருந்து மணம் வரும். எதிரணிக்காரி இவ்வளவு நாற மாட்டாள் என்று பிள்ளை ஆறுதல் சொன்னாள்.

முதலிரண்டு வாரமும் பந்து முன்விளிம்பில்தான் பட்டது. எனக்கோ கை வலித்தது, சும்மா நிற்கவும் முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் கோல் கீப்பருக்குக் கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். அது தானாகத் தமிழில் திறந்துகொண்டது.

"போகாது, போகாது, இதுவும் போகாது. எடியே, உது பந்தோ, புட்டோ? குழைக்காமல் எறியடி!"

அவள் பந்தைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னனீங்கள்?"

"உற்சாகப்படுத்தினனான்."

"பொய்."

"ஓம், பொய்."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல கோபம். பந்தை எடுத்து, ஒரு காலை ஊன்றியபடி மற்றக் காலைப் பின்னால் எடுத்து வைத்து, என்னிடமிருந்து விலகிச் சரிந்துகொண்டே எறிந்தாள். அது தடிக்கு மேலால் போய் வளையத்தில் எங்கும் படாமல் விழுந்தது. ஊன்றிய கால் அசையவில்லை என்பதால் விதிப்படி சரி. பேசினால் அந்தக் கைவாகு போய்விடும் என்பதுபோல அவள் உடனே மறுபடியும் எறிந்தாள், அது வளையத்துக்குள் போகவில்லை. அதற்கடுத்தது போனது.

இந்தச் செய்தி வெளியே பரவாமல் இருக்குமா? ஸ்பிரிங்வேலில் மரக்கறி வாங்கும்போது ஒரு அங்கிள் என்னை மறித்தார். தமிழ்ச் சங்கத்தின் கிரிக்கெட் போட்டிக்கு ஆண்டுதோறும் தலைமை தாங்குகிறவர்.

"என்ன பிள்ளை, தும்புத்தடியோடை நிக்கிறீராம்? நெற்போலோ? அது பெட்டையள் பள்ளிக்கூடத்திலை விளையாடுறதெல்லே. அதையும் ஆரும் காசு குடுத்துப் பாக்கினமோ?"

"உங்கடை கிரிக்கெட்டை ஓசியிலயும் ஒருத்தரும் பாக்கேல்லை அங்கிள். போன வருசம் நான் எண்ணினனான். நாங்கள் ஆறு பேர், அதிலை நாலு பேர் சாப்பாடு குடுக்க வந்தவை."

கூட வந்திருந்த என் கணவர் பைகளைத் தூக்கிக்கொண்டு போய்க் காரை எடுத்தார். வீட்டு வாசலில் கார் நின்றதும் சொன்னார்: "அந்தாள் என்ரை கப்டன்."

"ஓம், தெரியும்."

"கடைசி ஆட்டத்துக்கு எனக்கும் ஒரு டிக்கட் எடும்."

பருவத்தின் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். எதிரணி அதே நியூசிலாந்து அணி. வளையத்தின் கீழே அதே ஆறடி நாலங்குலம். எங்கள் அணிக்கு வென்றாலும் ஒன்றும் இல்லை, தோற்றாலும் ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு மட்டும் எல்லாம் இருந்தது. அதுவும் இறக்கினால்தான். முதல் மூன்று கால்பகுதிகளும் அவள் வாங்கிலில் இருந்தாள். நான் பார்த்தது ஆட்டத்தையல்ல, வாங்கிலை. மூன்றாவது கால்பகுதி முடியும்போது நாங்கள் எட்டிப் பிடிக்கமுடியாத தூரத்தில் பின்னால் நின்றோம். எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பம் கார் நிறுத்திய இடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது.

கடைசிக் கால்பகுதிக்கு அவளை இறக்கினார்கள்.

முதல் பந்து. நெட்டைக்காரி கையைத் தூக்கினாள். பிள்ளை அவசரப்பட்டு எறிந்தாள், வளையத்தில் படவேயில்லை. அரங்கம் முழுவதும் ஒரு 'ஊ' எழுந்தது, பரிதாபத்தில் எழுகிற 'ஊ'. எனக்கு அது வசவைவிட மோசமாகக் கேட்டது. நான் எழும்பி நின்றேன். பின்னால் இருந்தவர்களுக்கு ஆட்டம் அத்தோடு மறைந்தது.

"எடியே, உது பந்தோ, புட்டோ?"

அவளுக்குக் கேட்டிருக்காது. ஆயிரக்கணக்கான பேர் இருந்த அரங்கம். கேட்டது என்று அவள் பிறகு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த பந்துக்கு அவள் வளையத்தின் கீழே ஒதுங்கவில்லை. கையை நீட்டிக் கூப்பிட்டு வாங்கினாள், காலைப் பின்னால் வைத்தாள், சரிந்தாள். போட்டாள். அதற்கடுத்ததும். இடையில் இரண்டு தவறின. தவறியதையும் தானே துள்ளிப் பிடித்து மறுபடி போட்டாள். நெட்டைக்காரி ஒரு முறை முன்னால் நகர்ந்து மூன்று அடியை மீறி, நடுவரிடம் ஊதல் வாங்கினாள். ஆறடி நாலங்குலத்துக்குக் கிட்ட வரவேண்டிய தேவை வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆட்டத்தில் தோற்றோம். நன்றாகவே தோற்றோம். கார் நிறுத்துமிடத்தில் என் கணவர் மெல்லச் சொன்னார்: "எண்டாலும் தோத்திட்டம் தானே."

"கடைசிக் கால்பகுதியை வெண்டனாங்கள். பலகையிலை இருந்தது."

"கால்பகுதிக்கு ஆர் கப் குடுக்கினம்?"

"நீங்கள் கிரிக்கெட்டிலை மழை பெய்தா ரெண்டு பேருக்கும் புள்ளி குடுக்கிற ஆக்கள். கதைக்காமல் காரை எடுங்கோ."

மறுநாள் மேலாளர் பதில் கேட்டார். கோச் என்ன சொன்னார் என்று நானும் கேட்டேன். "பாப்பம் எண்டவ" என்றாள் பிள்ளை. ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மேலாளரைப் பார்த்து, "நன்றி, எனக்கு அந்த வேலை வேண்டாம்" என்றாள்.

மேலாளர் உண்மையிலேயே கவலைப்பட்டார். என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "அக்கா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. சேத்துப்பாங்களான்னே தெரியாது. இருக்கிற வேலையும் போயிடும். உங்க பொண்ணா இருந்தா விடுவீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"தம்பி, உங்களுக்கு வேண்டியது சனிக்கிழமைக்கு ஒரு ஆள். அவ்வளவுதானே? அவளைப் பகுதி நேரமாகவே விடுங்கோ. சனிக்கிழமையை நான் எடுக்கிறன்."

"வாராவாரமா? உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"சொல்லுவார். அவருக்குச் சனிக்கிழமையிலை கிரிக்கெட். சமைக்கப் பழகட்டும்."

மேலாளர் தலையைச் சொறிந்தார். அந்தப் பெண்ணுக்கு எங்கள் பேச்சு விளங்கவில்லை. யாருக்கோ தூக்குத் தீர்ப்பு என்று நினைத்து என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேலாளர் கடைசியில் சரி என்றார்.

அடுத்த பருவத்துக்கான பெயர்கள் அந்த வசந்தத்தில் வெளியாயின. அவள் பெயர் அதில் இல்லை. நியூசிலாந்திலிருந்து ஒரு சூட்டரை எடுத்திருந்தார்கள், ஆறடி மூன்றங்குலம். பிள்ளை அன்று வழக்கம்போல வேலைக்கு வந்து குழாய்களைத் தரம் பிரித்தாள். மத்தியானம்வரை ஒரு கெட்ட சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு என் மேசைக்கு வந்தாள்.

"சனிக்கிழமையளிலை ஆம்பிளையளின்ரை அணியோடை பயிற்சிக்குப் போகப்போறன். அவங்கள் இன்னும் உயரம். இன்னும் மோசமாத் துள்ளுவாங்கள். வாற வருசத் தெரிவுக்குத் திரும்பப் போறன்."

"போங்கோ" என்றேன்.

பின்னேரம் மேலாளர் வந்து நின்றார். மனிதருக்கு என்மீது இரக்கம். என் சனிக்கிழமைகளை மீட்டுக்கொடுக்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது.

"அக்கா, அதான் டீம்ல எடுக்கலையே. இனி சனிக்கிழமைக்கு அந்தப் பொண்ணையே வரச் சொல்லிடலாமா?"

"இல்லைத் தம்பி. அவளுக்குச் சனிக்கிழமை வேலை இருக்கு. என்னையே போடுங்கோ."

"எத்தனை நாளைக்கு, அக்கா?"

"அவையள் அவளை அணியிலை எடுக்குமட்டும்."