பிரேக்குக்கு அடியில்

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் கணவர் இருதயம் வந்ததும் வேனைக் கூட்டித் துடைப்பது கேத்தரினின் வேலை. சீட்டுக்கடியில் முறுக்குத் தூள், மிட்டாய்க் காகிதம், சில நாள் வாந்தியும் இருக்கும். எல்லாவற்றையும் கழுவித் தள்ளிவிட்டுத்தான் உலை வைப்பாள். அன்று துணி துவைத்து முடித்து வேனுக்கு வர மதியமாகிவிட்டது. டிரைவர் சீட்டுக்குக் கீழே கை விட்டபோது அவருடைய வலது செருப்பு அகப்பட்டது. பிரேக்குக்கு அடியில் பாதி மடிந்து செருகிக் கிடந்தது.

வாசலெல்லாம் சரளைக்கல். அதில் ஒற்றைச் செருப்போடு நடந்து உள்ளே போயிருக்கிறார்.

போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டி இடுப்பைத் தேய்த்துக்கொண்ட பிறகு வாங்கிய வேன் அது. இப்போது இடுப்பில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். தள்ளிப்போட்டால் காலில் போன உணர்வு திரும்பாமலே போகலாம் என்று அரசு மருத்துவமனை டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார். சம்மதமா இல்லையா என்று இன்றைக்குள் சொல்ல வேண்டும். கூட லோரி ஓட்டிய ராஜன் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு, இன்றுவரை கோல் ஊன்றித்தான் பூசைக்கு வருகிறான். இருதயத்துக்குக் கண் முன்னால் நிற்பது அந்தக் கோல்தான். காப்பார் ஊரில் நீவிவிடுகிறவரிடம் போய் வந்து, முக்கால்வாசி சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கேத்தரின் செருப்போடு உள்ளே போனாள். அவர் ஸ்டூலில் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வலது உள்ளங்காலில் ஒரு சரளைக்கல் அழுந்தி ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி ரத்தம் காய்ந்திருந்தது.

"கண்ண மூடுங்க. எந்த வெரலத் தொடறேன், சொல்லுங்க."

"பேரன் எடுக்குற வயசுல என்ன வெளையாட்டு?" என்றாலும் மூடிக்கொண்டார். கொஞ்சம் யோசித்து, "பெருவெரலு" என்றார்.

"இப்போ?"

"சுண்டுவெரலு. போதுமா டாக்டரம்மா?"

"நான் தொடவே இல்லங்க."

சிரித்தபடி கண்ணைத் திறந்தார். அவள் கை மடியில் இருந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. அவள் செருப்பை ஸ்டூலின் மேல் வைத்து, அது கிடந்த இடத்தைச் சொன்னாள்.

அவர் எழுந்து, கால் தரையில் உரச அடுப்படிக்குப் போனார். பாசாரில் வாங்கிய வெண்டைக்காய்க் கட்டிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றி வந்து, செருப்பைக் காலோடு சேர்த்து மாட்டிக்கொண்டார்.

"இனி கழலாது லா."

ரப்பர் சதையில் இறங்கியது. விரல்கள் வெளுத்துக்கொண்டு வந்தன. அவர் முகம் சுளிக்கவில்லை.

பள்ளி விடும் நேரம். இன்றைக்கு மட்டும் இன்னொரு பள்ளி வேன் ஓட்டும் சுகுமாரனைப் பிள்ளைகளை ஏற்றச் சொல்லலாம், நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்துச் சரி என்று சொல்லுங்கள் என்றாள். மூன்று மாதம் படுத்துக்கிடந்தால் ஒரு வீட்டுப் பிள்ளையும் நம் வேனில் ஏறாது என்று முனகிக்கொண்டே ஆணியிலிருந்து சாவியை எடுத்தார்.

"முன்சீட்டுல தாமரை உக்காந்து வருவா" என்றாள். சின்ன வகுப்புப் பெண், வழியெல்லாம் அவரிடம் கதை கேட்டு வருகிறவள்.

அவர் கை சாவியோடு நின்றது.

"பிரேக் மிதிக்கிறது கால்ல தெரியுதா, இல்ல வண்டி நின்னப்புறந்தான் தெரியுதா?"

ஆபரேஷன் நாளை வட்டமிட்டிருந்த கலண்டரை இருதயம் பார்த்தார், குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு சாவியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.